அலமாரியில் நிற்கிற ஸ்காட்ச் பாட்டில் உங்க ஆஸ்தியா, செலவா?



நெட்வொர்த் கணக்கு போடுறது எப்படின்னு நம்ம சேனல்ல வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி வேற வேற ஆட்கள்கிட்ட இருந்து வருது. "சார், என்கிட்ட 12 சிங்கிள் மால்ட் பாட்டில் சேர்ந்திருக்கு. லிமிடெட் எடிஷன் எல்லாம் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு வித்தா நல்ல விலை போகும்னு சொல்றாங்க. இதை ஆல்டர்நேட் இன்வெஸ்ட்மென்ட்னு எக்ஸெல் ஷீட்ல போடலாமா?" கேட்கிறவங்க பெரும்பாலும் 25-லிருந்து 32 வயசுக்குள்ள. ஐ.டி., வங்கி, வளைகுடா வேலை. எங்க திருப்புல்லாணி, ராமநாதபுரம் பக்கத்துப் பசங்களும் அதில் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை துபாய், தோஹாவிலிருந்து ஊருக்கு வரும்போது டியூட்டி ஃப்ரீயில் ஒரு பெட்டி வாங்கி, குடிக்காம வீட்டு பீரோவில் வைக்கிறாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். போடக் கூடாது. அது உங்க பொழுதுபோக்குச் செலவு. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகிட்டு சம்பளத்தில் வாழுற ஒருத்தருக்கு ஸ்காட்ச் பாட்டில் முதலீடு ஆகாது. குடி கெடுதல்ங்கிற அறிவுரை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. உடம்புக்குக் கேடுங்கிறது பாட்டில் மேலயே போட்டிருக்கு. நான் பேசுறது கணக்கு மட்டும்.

இந்த ஆசை எங்கிருந்து வருது?

2023 நவம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் ஒரு மக்காலன் 1926 பாட்டில் கிட்டத்தட்ட 21.9 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. நம்ம பணத்தில் 22 கோடிக்கு மேல. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எத்தனை வாட்ஸ்அப் குரூப்ல ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த பாட்டிலோட ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்க. 1926-ல் காய்ச்சி வடிச்சது. 60 வருஷம் பீப்பாயில் இருந்து 1986-ல் பாட்டிலுக்குள் போனது. மொத்தமே 40 பாட்டில். வேலரியோ அதாமிங்கிற இத்தாலிய ஓவியர் வரைஞ்ச லேபிள் அதில் 12-க்கு மட்டும்தான். அந்த 12-ல் ஒன்றுதான் ஏலத்துக்கு வந்தது. நீங்க ஏர்போர்ட்டில் வாங்கின "டிராவல் எக்ஸ்க்ளூசிவ்" பாட்டில் உலகம் முழுக்க அடுக்கடுக்கா நிற்குது. "லிமிடெட் எடிஷன்"னு அட்டைப்பெட்டியில் அச்சடிக்க எந்தச் சட்டமும் எண்ணிக்கை வரம்பு வைக்கலை. பேரில் அரிதா இருக்கிறது வேற, எண்ணிக்கையில் அரிதா இருக்கிறது வேற.

அடுத்து, நைட் ஃபிராங்க் நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடுற ஆடம்பரப் பொருள் குறியீடு. 2023 முடிவில் அரிய விஸ்கி பத்து வருஷத்தில் 280% ஏறியிருந்ததா அதில் காட்டினாங்க. யூடியூப்ல பாதி வீடியோ இந்த ஒரே எண்ணை வச்சு ஓடுது. ஆனா அதே அறிக்கையில், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 9% இறக்கம்னும் இருக்கு. அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம். அதனால பத்து வருஷ வளர்ச்சி 190%-க்குப் பக்கத்தில் வந்துடுச்சு. ஆண்டு வட்டி மாதிரி மாத்திப் பார்த்தா 14%-க்கு மேல இருந்தது 11% சொச்சமா ஆயிடுச்சு. ஒரே வருஷத்தில் கதை இவ்வளவு மாறுது. அதுவும் இது பொறுக்கி எடுத்த ஏல பாட்டில்களோட குறியீடு. உங்க பீரோவுக்கும் அந்தக் குறியீட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

பாட்டிலுக்குள் வயசு ஏறாது

நிறைய பேருக்கு இந்த அடிப்படையே தெரியலை. "12 வருஷ விஸ்கியை 8 வருஷம் வச்சிருந்தா 20 வருஷ விஸ்கி ஆயிடும்"னு நினைக்கிறாங்க. ஆகாதுங்க. விஸ்கிக்கு வயசு ஏறுறது ஓக் மரப் பீப்பாயில் இருக்கும்போது மட்டும்தான். ஸ்காட்ச்னு பேர் வைக்கணும்னா ஸ்காட்லாந்திலேயே குறைஞ்சது 3 வருஷம் பீப்பாயில் இருக்கணும்ங்கிறது சட்டம். கண்ணாடிக்குள் போன நிமிஷம் கடிகாரம் நின்னுடும். 12 வருஷ விஸ்கி உங்க பேரன் காலத்திலும் 12 வருஷ விஸ்கிதான்.

அப்போ விலை ஏன் ஏறுது? மத்தவங்க குடிச்சுத் தீர்க்கிறதால மிச்சம் இருக்கிறது குறையுது, அதனால ஏறுது. அதாவது உங்க லாபம் பாட்டிலுக்குள் உருவாகலை. இன்னொருத்தர் கூடுதல் விலை கொடுக்கத் தயாரா இருந்தா மட்டும்தான் லாபம். பங்கு வாங்கினா கம்பெனி சம்பாதிக்குது. டெபாசிட் போட்டா வட்டி வருது. வீடு வாங்கினா வாடகை வருது. பாட்டில் எதையும் சம்பாதிக்காது.

சம்பாதிக்கலைன்னாலும் பரவாயில்லை, இருக்கிறது அப்படியே இருக்குமான்னா அதுவும் சந்தேகம்தான். ஸ்காட்லாந்து குளிரும் நம்ம கடற்கரை வெயிலும் ஒன்னா? சித்திரை, வைகாசியில் எங்க பக்கம் ஓட்டு வீட்டு பீரோவைத் தொட்டாலே சுடும். சூட்டில் கார்க் காஞ்சு சுருங்கும், உள்ளே இருக்கிற அளவு மெதுவா இறங்கும். உப்புக்காத்தில் லேபிள் பழுத்துப் போகும். ஏலத்தில் முதல்ல பார்க்கிறதே கழுத்து வரைக்கும் அளவு நிற்குதா, லேபிள் சுத்தமா இருக்கா, பெட்டி இருக்கா என்பதைத்தான்.

நீங்க கொடுத்தது விஸ்கி விலையா, வரியா?

ஒரு சி.ஏ.வா எனக்கு இதுதான் முக்கியமான பாயின்ட். இந்தியாவில் ஒரு ஸ்காட்ச் பாட்டிலுக்கு நீங்க கொடுக்கிற விலையில் பெரும்பகுதி வரி. இறக்குமதி வரி மட்டுமே பல வருஷமா 150%. கப்பலில் வந்து இறங்கும்போது ₹2,000 மதிப்புன்னு வைங்க. சுங்க வரி சேர்ந்ததும் ₹5,000. அதுக்கு மேல மாநில வரி, கடை லாபம். மனித நுகர்வுக்கான மது ஜி.எஸ்.டி.க்குள்ள வரலை, அதனால ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கை தனியா போடும்.

2025 ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாங்க. அதன்படி ஒப்பந்தம் அமலுக்கு வரும்போது ஸ்காட்ச் மேல இருக்கிற 150% வரி 75% ஆகும், பிறகு படிப்படியா இறங்கி பத்தாவது வருஷம் 40% ஆகும். மேலே சொன்ன அதே ₹2,000 பாட்டில் 75%-ல் ₹3,500. 40%-ல் ₹2,800.

இப்போ யோசிங்க. நீங்க 150% வரி கட்டி வாங்கி பூட்டி வச்சிருக்கீங்க. அதே பாட்டில் நாளைக்கு குறைஞ்ச வரியில் கடைக்கு வருது. உங்க பாட்டிலுக்கு யார் பழைய விலை கொடுப்பாங்க? சேகரிப்புன்னு நினைச்சு நீங்க சேர்த்து வச்சிருக்கிறது அரசாங்கத்துக்குக் கட்டி முடிச்ச வரி ரசீதைத்தான். வரி ரசீதை யாரும் ஏலத்தில் எடுக்க மாட்டாங்க.

விக்கிறதுக்கு மண்டி எங்கே?

எங்க மாவட்டத்தில் மிளகாய் போடுறவங்களைப் பாருங்க. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. விலை இல்லாத மாசத்தில் வத்தல் மூட்டையை அடுக்கி வச்சு, விலை வரும்போது கமிஷன் மண்டிக்குக் கொண்டு போவாங்க. வச்சிருந்தா நிறம் மங்கும், எடை குறையும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு விஷயத்தில் அவங்களுக்குக் கவலை இல்லை. மண்டி இருக்கு, வாங்க ஆள் இருக்கு, விக்கிறது சட்டப்படி சரி. இந்த மூணும் இருந்தாத்தான் சரக்கு பணமாகும்.

உங்க பாட்டிலுக்கு இந்த மூணில் ஒன்னாவது இருக்கா?

தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்னைக்கும் அடிப்படை. உரிமம் இல்லாம ஒரு தனிநபர் மது விக்கிறது குற்றம். பாட்டில் ₹500-ஆ ₹5 லட்சமா, சீல் உடைக்காததா, ஓவிய லேபிளான்னு சட்டம் பார்க்காது. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்தச் சட்டத்தில் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினாங்க. ஆபீஸ் நண்பருக்கு "கலெக்டர் பீஸ், கொஞ்சம் லாபம் வச்சு தர்றேன் மச்சான்"னு கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனைதான். டெலிகிராம் குரூப்பில் போட்டோ போட்டு விலை கேட்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்லை.

விக்கிறது மட்டும் இல்லை, வச்சிருக்கிறதுக்கும் வரம்பு உண்டு. அனுமதி இல்லாம ஒரு நபர் சொந்த உபயோகத்துக்கு எத்தனை லிட்டர் வரை வைக்கலாம்னு தனி விதியே இருக்கு. ரெண்டு மூணு வருஷம் "கலெக்ட்" பண்ணினா அந்த அளவைச் சுலபமா தாண்டிடுவீங்க. வெளிநாட்டிலிருந்து வரும்போதும் ஒரு பயணிக்கு வரியில்லாம 2 லிட்டர்தான். அதனால பத்துப் பன்னிரண்டு பாட்டிலைத் தாண்டுறதுக்கு முன்னாடி நடப்பு விதி என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

லண்டனிலோ கிளாஸ்கோவிலோ நிரந்தரமா வசிக்கிற நம்ம ஆட்களுக்கு நிலைமை வேற. அங்கே உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் இருக்கு, வாங்கலாம், விக்கலாம். நான் சொல்றது தமிழ்நாட்டில் வசிக்கிறவங்களுக்கு. ஒரே பாட்டில் அங்கே சொத்து, இங்கே சும்மா ஒரு பாட்டில். மதிப்புங்கிறது பொருளில் மட்டும் இல்லை, அது நிற்கிற சந்தையிலும் இருக்கு.

வலம்புரிச் சங்குக் கதைதான்

எங்க கீழக்கரை, ராமேஸ்வரம் கடல் பக்கம் வலம்புரிச் சங்குக்கு எவ்வளவு மவுசுன்னு உங்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் ஒன்னுதான் கிடைக்கும்னு சொல்வாங்க. அதனாலதான் அமெரிக்கக் கடலில் சர்வசாதாரணமா கிடைக்கிற வேற ஒரு சங்கு இனத்தை, சுழி அந்தப் பக்கம் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக, வலம்புரின்னு வித்துட்டுப் போறவங்க இருக்காங்க. அரிதுன்னு ஒரு பொருள் வந்துட்டா அடுத்த வாசலில் போலி வந்து நிற்கும்.

விஸ்கியும் அப்படித்தான். 2017-ல் சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் ஊர் ஹோட்டலில் ஒரு சீன எழுத்தாளர் 1878-ஆம் வருஷத்து மக்காலன்னு சொல்லி ஊத்தின 2 சென்டிலிட்டருக்கு 9,999 ஃபிராங்க் கொடுத்தார். ஒரு சின்ன மடக்கு. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கார்பன் சோதனை பண்ணினப்ப அது 1970-72 காலத்துச் சரக்குன்னு தெரிஞ்சுது. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. 2018-ல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 55 அரிய பாட்டில்களைச் சோதிச்சதில் 21 போலி. மூணில் ஒன்னுக்கு மேல! அந்த ஊர் நிபுணர்களே ஏமாறும்போது, பரமக்குடியில் பீரோவுக்குள் இருக்கிற பாட்டிலை எதை வச்சு அசல்னு நிரூபிப்பீங்க? ஒரு டியூட்டி ஃப்ரீ பில்லாவது வச்சிருக்கீங்களா?

"பீப்பாயே வாங்கிடுங்க சார்"

இன்ஸ்டாகிராமில் இப்போ புது விளம்பரம். ஸ்காட்லாந்தில் ஒரு முழு பீப்பாய் உங்க பேரில். வருஷா வருஷம் வயசு ஏறும், விலை ஏறும், "லாபத்துக்கு வரியே இல்லை".

ஒன்னொன்னா பார்ப்போம். பீப்பாயில் வயசு ஏறுறது உண்மை. ஆனா வருஷத்துக்கு சுமார் 2% ஆவியாப் போகும். அதை அங்கே தேவதைகளின் பங்குன்னு சொல்வாங்க. ஆல்கஹால் 40%-க்குக் கீழே போயிடுச்சுன்னா அதை ஸ்காட்ச்னே விக்க முடியாது. அதனால வச்சுக்கிட்டே இருந்தா ஏறிக்கிட்டே இருக்கும்ங்கிறது பொய். நம்ம பெங்களூர் அம்ருத் டிஸ்டிலரியில் சூட்டுக்கு வருஷத்துக்கு 10%-க்கு மேல ஆவியாகுது. 2004-ல் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகம் பண்ணி உலகப் பேர் வாங்கின கம்பெனி அது. அவங்க இளவயசு விஸ்கியை நல்லா பண்ணினதுக்குக் காரணமே இந்தச் சூடுதான்.

"வரியே இல்லை"ங்கிறது பிரிட்டனில் வசிக்கிறவங்களுக்கான சலுகையைக் காட்டிச் சொல்றது. காலம் போகப் போக தேயுற சொத்துன்னு வகைப்படுத்தி அங்கே மூலதன ஆதாய வரி விலக்கு கிடைக்கும்னு சொல்வாங்க. நீங்க இந்தியாவில் வசிக்கிறவர். உலகத்தில் எங்கே சம்பாதிச்சாலும் இங்கே வரி உண்டு. பணம் அனுப்ப எல்.ஆர்.எஸ். வழி போகணும். வருஷத்துக்கு ₹10 லட்சத்தைத் தாண்டினா 20% டி.சி.எஸ். பிடிப்பாங்க (அது பிறகு ரிட்டர்னில் கழிச்சுக்கலாம்). முக்கியமா, வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தப் பீப்பாயைக் காட்டணும். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்தில் ₹10 லட்சம் அபராதம் இருக்கு. அசையாச் சொத்து தவிர மத்த வெளிநாட்டுச் சொத்தோட மொத்த மதிப்பு ₹20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதத்திலிருந்து 2024 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கு.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பீப்பாய் நிஜமாவே இருக்கான்னே தெரியாதது. 2025-ல் பிபிசி நடத்தின புலனாய்வில் ஒரே பீப்பாயைப் பல பேருக்கு வித்தது, இல்லாத பீப்பாயை வித்ததெல்லாம் வெளியே வந்துச்சு. ஏஜென்ட் கொடுக்கிற அழகான சான்றிதழ் உரிமைப் பத்திரம் ஆகாது. கிடங்குக்காரர் உங்க பேரை ஏத்துக்கிட்டதுக்கான டெலிவரி ஆர்டர் வேணும். நம்ம ஊர்ல நிலம் வாங்கினா வில்லங்கம் பார்க்கிறோமே, அதே மாதிரி.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

எல்லாம் சட்டப்படி சரியா இருக்கு, நீங்க வெளிநாட்டு ஏலத்திலேயே வாங்கி அங்கேயே வச்சு விக்கிறீங்கன்னே வைங்க. நான் எடுத்துக்கிட்ட அனுமானங்கள் இவை:

- ஏல விலை ₹1,00,000. வாங்குறவர் கமிஷன், வரி சேர்த்து 12%. கையிலிருந்து போனது ₹1,12,000.
- கிடங்கு வாடகை, காப்பீடு வருஷத்துக்கு ₹2,000. ஐந்து வருஷத்துக்கு ₹10,000.
- விக்கும்போது கமிஷன் 6%.

முதலும் செலவும் திரும்பி வரணும்னா மட்டுமே ஏல விலை சுமார் ₹1,30,000 ஆகணும். அதாவது 30% ஏறினா உங்களுக்கு லாபம் பூஜ்யம். அதே ₹1,12,000-ஐ 7% டெபாசிட்டில் போட்டிருந்தா ஐந்து வருஷத்தில் சுமார் ₹1,57,000. அதுக்குச் சமமா வரணும்னா ஏல விலை ₹1,77,000-க்கு மேல போகணும். வருஷத்துக்கு 12% வீதம் ஏறினாத்தான் ஒரு சாதா எஃப்.டி.யைத் தொட முடியும்! விலை இறங்கிக்கிட்டு இருக்கிற சந்தையில் இந்த ரிஸ்க் எதுக்கு?

வரியிலும் ஒரு முடிச்சு இருக்கு. சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் மூலதனச் சொத்தில் வராது. நகை, ஓவியம் மாதிரி சிலதுதான் விதிவிலக்கு. "அப்போ பாட்டிலுக்கு வரி இல்லையே"ன்னு சந்தோஷப்படாதீங்க. முதலீடுன்னு சொல்லி வாங்கி, குடிக்காம வச்சு, லாபத்துக்கு வித்தா அது சொந்த உபயோகம்னு எப்படி வாதாடுவீங்க? 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5% நீண்ட கால ஆதாய வரி. அடிக்கடி வாங்கி வித்தா வியாபார வருமானம். நஷ்டம் வந்தா மட்டும் முதலீடு, லாபம் வந்தா சொந்த உபயோகம்னு ரெண்டு நாக்கில் பேச முடியாது.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. ஒருத்தருக்கு கேமரா லென்ஸ், ஒருத்தருக்கு புல்லட், ஒருத்தருக்கு ஸ்னீக்கர்ஸ். பிடிச்சதுக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. செலவை முதலீடுன்னு பேர் மாத்துறதுதான் தப்பு. ஏன்னா பேர் மாறினதும் கை தாராளமாயிடும். "இந்த மாசம் ₹8,000 செலவு பண்ணிட்டேன்"னு சொன்னா மனசு உறுத்தும். "₹8,000 இன்வெஸ்ட் பண்ணியிருக்கேன்"னு சொன்னா பெருமையா இருக்கும். எஸ்.ஐ.பி.யை நிறுத்திட்டு பாட்டில் வாங்குறவரை எனக்குத் தெரியும். அவர் தன்னை நல்ல முதலீட்டாளர்னுதான் நம்புறார்.

வாங்கியே ஆகணும்னா இதை மட்டும் பண்ணுங்க. ஆறு மாச அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, எஸ்.ஐ.பி. எல்லாம் போன பிறகு மிஞ்சுற "ஜாலி" பணத்தில் மட்டும் வாங்குங்க. கடனிலோ இ.எம்.ஐ.யிலோ வேண்டாம். பில்லைப் பத்திரமா வைங்க. பாட்டிலைப் படுக்க வைக்காம நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைங்க. ஒயின் மாதிரி படுக்க வச்சா ஆல்கஹால் கார்க்கை அரிச்சிடும். அளவு வரம்பைத் தாண்டாதீங்க.

இன்னொன்னு. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா, அந்த பீரோவைத் திறக்கப் போறது உங்க அம்மாவோ மனைவியோதான். மியூச்சுவல் ஃபண்டுக்கு நாமினி இருக்கு, பி.எஃப்.க்கு நாமினி இருக்கு. அவங்க ஒரு படிவம் கொடுத்தா பணம் வரும். பன்னிரண்டு பாட்டிலை வச்சுக்கிட்டு அவங்க எங்கே போவாங்க? விக்கவும் முடியாது, வச்சிருக்கவும் பயம். "குடும்பத்துக்காகத்தான் சேர்க்கிறேன்"னு சொல்றவங்க இந்தக் கேள்விக்குப் பதில் வச்சிருக்கணும்.

அதனால இன்னைக்கு ராத்திரி அந்த எக்ஸெல் ஷீட்டைத் திறங்க. ஆஸ்தி பக்கத்தில் "விஸ்கி கலெக்‌ஷன்"னு ஒரு வரி இருந்தா அழிச்சிடுங்க. மொத்தம் எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. அந்தக் குறைஞ்ச எண்தான் உங்க நிஜமான நெட்வொர்த். எவ்வளவு குறைஞ்சுதுன்னு கமென்ட்டில் சொல்லுங்க, பேர் சொல்ல வேண்டாம்.

(இது பொதுவான தகவல். வரி, சட்ட விதிகள் மாறும். உங்க தனிப்பட்ட நிலைமைக்கு உங்க ஆடிட்டரையும் வக்கீலையும் கேட்டு முடிவு பண்ணுங்க. மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு.)